கோட்டுப் போட்ட கஞ்சி வரிசை

துபாயில், அல் கூஸில் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் கட்டாத ஊர் கிடையாது. ஒரு கல்யாணத்துக்குக் காஷ்மீர் கட்டியிருக்கிறோம். ஒரு மாலுக்குள் தெர்மாகோல் பனியைக் கொட்டி ஐரோப்பியக் கிராமம் ஒன்றைக் கட்டி, விழா முடிந்ததும் உடைத்து லாரியில் ஏற்றியிருக்கிறோம். எல்லாம் ப்ளைவுட், பெயிண்ட், கொஞ்சம் துணி. நான் அங்கே தச்சு ஃபோர்மேன். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். குறை சொல்வது என் பிறவிக் குணம் என்று மனைவி சொல்வாள். மரம் ஈரமாக இருந்தாலும் குறை, காய்ந்திருந்தாலும் குறை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. குறை சொல்லாத ஃபோர்மேன் செய்து வைத்த கதவு எப்படிச் சாத்தும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

போன குளிர்காலத்தில் எங்களுக்கு வந்த ஆர்டர், அமெரிக்கா. இப்போதைய அமெரிக்கா அல்ல. முதல் உலகப் போர் முடிந்து இரண்டாவது போர் தொடங்குவதற்குள் இருந்த அமெரிக்கா. ஒரு நாடகக் குழுவுக்காக மேடையில் அதைக் கட்ட வேண்டும். முதல் பாதியில் தங்க நிறத் தூண்களும் படிக்கட்டும் பளபளக்கிற நடன மண்டபம். இரண்டாம் பாதியில் குடிசைகள். இடைவேளைக்குள் மண்டபத்தைக் கழற்றி, அதே பலகைகளையும் தூண்களையும் வைத்துக் குடிசைகளை நிறுத்த வேண்டும் என்று டைரக்டரம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். புதுப் பலகை கூடாதாம். நான் கொஞ்சம் முனகினேன், பிறகு கீல்களும் கொக்கிகளும் வைத்து ஒரு வழி கண்டுபிடித்தேன்.

டைரக்டரம்மா அமெரிக்கர். ஏறக்குறைய என் வயது. வேலை நடக்கும்போது ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, எதற்காக இதைக் கட்டுகிறோம் என்று எங்களுக்குச் சொல்வார். என் ஆங்கிலம் சைட் ஆங்கிலம்தான். கதை புரிவதற்கு அது போதும்.

போர் முடிந்ததும் அந்த நாட்டு நகரங்களில் கை நிறையக் காசு புரண்டதாம். வீட்டுக்கு வீடு ரேடியோ. தவணையில் கார், தவணையில் துணி துவைக்கும் மெஷின். பெண்கள் ஓட்டுப் போட ஆரம்பித்தார்கள், முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டார்கள், வேலைக்குப் போனார்கள், சாயங்காலம் ஆடப் போனார்கள். சாராயத்தைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அதனால் எல்லாரும் கதவில் சின்ன ஜன்னல் வைத்த ரகசியக் கடைகளில் போய்க் குடித்தார்கள். அந்தக் கதவைச் செய்தது நான்தான், நன்றாகவே வந்தது. குமாஸ்தாவும் பங்கு வாங்கினார், பணம் இல்லாதவர் கடன் வாங்கிப் பங்கு வாங்கினார். விவசாயிகளுக்கும் கறுப்பின மக்களுக்கும் அந்தக் கொண்டாட்டத்தில் பெரிதாக இடம் இருக்கவில்லை என்பதையும் அந்த அம்மா மறைக்காமல் சொன்னார்.

பிறகு ஓர் இலையுதிர் காலத்தில் பங்குகள் விழுந்தன. அதைத் தொடர்ந்து ஆலைகள் மூடின, வங்கிகள் மூடின. வங்கி மூடுவதற்குப் பல இடங்களில் ஒரு வதந்தியே போதுமானதாக இருந்ததாம். காலையில் யாரோ ஏதோ சொல்வார், மதியத்துக்குள் வாசலில் வரிசை நிற்கும், வரிசையைப் பார்த்தே இன்னும் பாதி ஊர் வந்து சேரும். மேனேஜர் வெளியே வந்து, எல்லாம் நன்றாக இருக்கிறது, கவலை வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஜனங்களுக்குப் பயம் கூடியதாம். நன்றாக இருந்த வங்கியும் சாயங்காலம் கதவைச் சாத்தியது. இதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். எனக்கே அப்படி ஒரு நாள் வரப்போகிறது என்று அப்போது தெரியாது.

இரண்டாம் பாதியில் முக்கியமான காட்சி, இலவச சூப்புக்கு நிற்கிற வரிசை. நாடகத்துக்கு முன்னால் விளம்பரத்துக்காக அதைப் படம் பிடிக்க நினைத்தார்கள். நடிகர்கள் போதவில்லை. உங்கள் ஆட்கள் கொஞ்சம் வந்து நிற்பார்களா என்று கேட்டார் டைரக்டரம்மா. எங்கள் மேனேஜர், "யல்லா, எல்லாரும் போங்க பாய்" என்றார். இப்படித்தான் ராமநாதபுரமும் பீகாரும் பெஷாவரும் சேர்ந்து ஒரு பகல் பொழுதில் அமெரிக்கர்களானோம்.

கிழிந்த சட்டையும் கைலியும் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். கோட்டு, டை, தொப்பி கொடுத்தார்கள். பழைய கோட்டுத்தான், முழங்கையில் கிழிசல் வேறு. ஆனாலும் கோட்டு. பிச்சைக்கு நிற்பவனுக்கு டை எதற்கு என்று கேட்டேன். அந்த அம்மா சொன்ன பதில் இன்றைக்கும் மனசில் இருக்கிறது. வேலை போன ஆண்கள் பலர் அதை வீட்டில் சொல்லவில்லையாம். காலையில் டை கட்டி, மனைவி தூசி தட்டிக் கொடுத்த தொப்பியை வைத்துக்கொண்டு, ஆபீசுக்குப் போகிறேன் என்று கிளம்புவார்களாம். பகல் முழுவதும் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு, பசித்தால் இந்த வரிசையில் நின்றுவிட்டு, சாயங்காலம் வேலை முடிந்து வருகிற மாதிரி வீட்டுக்குப் போவார்களாம்.

எத்தனை கடல் தாண்டி இருந்தாலும் அவன் நம்ம ஆள்தான் என்று தோன்றியது.

துபாயிலும் பல வருடங்களுக்கு முன்பு ஒருமுறை இப்படி வேலைகள் நின்றன. கட்டிக்கொண்டிருந்த கட்டடங்கள் பாதியில் நின்றன, கிரேன்கள் அசையவில்லை. அப்போது நான் வேறு கம்பெனியில் இருந்தேன். முதலாளி ஒரு நாள் ஆளையே காணோம். தொழிலாளர் கேம்பில் எல்லாம் மாஃபி, அதாவது அரபியில் இல்லை; டூட்டி மாஃபி, சம்பளம் மாஃபி, கடைசியில் மெஸ்ஸும் மாஃபி. யாரோ நல்லவர்கள் வேனில் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். அதற்கு வரிசையில் நின்றோம். அந்த வரிசையில் யாரும் தட்டை முன்னால் பிடிப்பதில்லை. முதுகுப் பக்கம் சட்டைக்கு அடியில் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நிற்போம். முறை வந்ததும் தட்டு வெளியே வரும். வீட்டுக்குப் போன் செய்தால், நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வேன். வளைகுடாவில் இருக்கிற எவனும் போனை எடுத்ததும் சொல்கிற முதல் வார்த்தை அதுதான். காய்ச்சலில் படுத்துக்கொண்டும் அதைச் சொல்வோம்.

இப்போது அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு தகரத் தட்டோடு நின்றபோது, என்னை அறியாமலே தட்டு முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. டைரக்டரம்மா அதைப் பார்த்து, அப்படியே நில்லுங்கள் என்று சொல்லி, என்னை வரிசையின் முன்னால் நிறுத்தினார். முகத்தில் கொஞ்சம் கரியும் பூசினார்கள். சூப்பு என்ற பெயரில் அண்டாவில் வெந்நீர்தான் இருந்தது. அதற்கும் நான் குறை சொன்னேன்.

எங்கள் ரூமில் இருக்கிற பெயிண்டர், பரமக்குடிக்காரர், நான் வரிசையில் நிற்பதைத் தன் போனில் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டார். கீழே வேடிக்கையாக, "எங்க நெலமை" என்று ஒரு வரி. வேடிக்கை என்று அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும். யாரோ அதை இறக்கி, பின்னால் ஒரு சோக இசையைச் சேர்த்து, துபாயில் கம்பெனி மூடி நம் தமிழர்கள் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் கொடுமை, பார்த்தவர்கள் பகிருங்கள் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். பகிர்ந்தார்கள். அது எங்கள் ஊர் டீக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

முதலில் வந்தது மனைவியின் தம்பியிடமிருந்து போன்.

"அத்தான், நீங்க ஒண்ணும் மறைக்க வேணாம். நாங்க எல்லாத்தையும் பாத்துட்டோம்" என்றான். குரல் கம்மியிருந்தது.

நாடகம் என்று சொன்னேன். "சரித்தான் அத்தான்" என்றான். துக்க வீட்டில் சொல்கிற சரித்தான் அது.

மனைவியைக் கூப்பிட்டேன். இங்கேதான் நான் சொதப்பினேன். அவளைத் தைரியப்படுத்த வேண்டும் என்று நினைத்து, வேலை அமோகமாக இருக்கிறது, முதலாளி தங்கமான மனுஷன், மெஸ்ஸில் சாப்பாடு பிரமாதம், நேற்றுக்கூட மீன் குழம்பு அவ்வளவு ருசி என்று அடுக்கினேன். அவள் உம் உம் என்று கேட்டாள். கடைசியில், "ஒடம்பப் பாத்துக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பெயிண்டர் மனசு கேட்காமல் அவரே பேசினார். "அக்கா, சத்தியமா அது நாடகம்க்கா, நாந்தான் எடுத்தேன்" என்றார். "நீயும் அவுக ரூமுதானப்பா, வேற என்ன சொல்லுவ" என்று பதில் வந்தது. சரி, கண்ணால் பார்த்தால் நம்புவாள் என்று மேடையைப் படம் எடுத்து அனுப்பினேன். அவசரத்தில் எடுத்த படத்தில் நடன மண்டபம் இல்லை, குடிசைகள்தான் இருந்தன. சுவரில் பழைய பேப்பர் ஒட்டிய, கூரையில் தகரம் அடித்த குடிசைகள். உடனே அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "இதுலயா படுத்துக் கெடக்கீக" என்று கேட்டு அழுதாள். நான் செய்த குடிசை அவ்வளவு தத்ரூபமாக வந்திருக்கிறது என்று பெருமைப்படக்கூட எனக்கு நேரமில்லை.

அந்த வங்கி மேனேஜர் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தார். வாசலில் நின்று அவர் என்ன பாடுபட்டிருப்பார் என்று புரிந்தது.

மறுநாள் காலை டீ நேரத்தில் மறுபடி கூப்பிட்டேன். அவள் வீட்டில் இல்லை. மதுரையில், மகள் படிக்கிற நர்சிங் காலேஜில், பிரின்சிபால் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள்.

"எதுக்கு அங்க போன?" என்றேன்.

"டி.சி. வாங்க" என்றாள். "பிரின்சிபால் உள்ள ஆரு கூடயோ பேசிக்கிட்டு இருக்காக. முடிஞ்சதும் கையெழுத்துப் போட்டுட்டு வந்துருவோம். காரைக்குடியில ஒரு ஜவுளிக்கடையில பில்லு போடுற வேலைக்குத் தம்பி சொல்லி வச்சிருக்கான். நீங்க கெளம்பி வாங்க. இங்க கஞ்சியோ கூழோ, சேந்து குடிப்போம்."

மகளுக்கு மூன்றாம் வருடம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் இரண்டு வீட்டிலும் முதல் முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள். நான் இந்தப் பாலைவனத்தில் பலகை அறுப்பதே அந்த ஒரு படிப்புக்காகத்தான்.

"இந்தா பாரு, அவசரப்படாத. நான் நல்லா இருக்கேன்."

"நீங்க எப்பத்தான் நல்லா இல்லேன்னு சொன்னீக?"

"அது நாடகம்."

"நாடகத்துல நிக்கிறவன் தட்ட முன்னால நீட்டுவான். நீங்க முதுகுக்குப் பின்னால மறைச்சு வச்சிருந்தீக. அது நடிப்பு இல்ல. எனக்குத் தெரியாதாக்கும்."

அதற்குள் மகள் போனை வாங்கினாள். "அப்பா, எனக்கு வருத்தமே இல்லப்பா. படிப்ப அப்புறமாக்கூட முடிச்சுக்கலாம். நீங்க மொதல்ல வந்து சேருங்க" என்றாள். அழாமல் பேச வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு பேசுகிற குரல். அதைக் கேட்டதும் எனக்குள் என்னமோ அறுந்துவிட்டது. கோபம் தலைக்கேறியது.

"வந்து சேரவா? எப்படி வர்றது? ஒர்க்‌ஷாப்புல தலைக்கு மேல வேலை கெடக்கு, லீவு கேட்டா அந்த மேனேஜர் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறான். நேத்து வந்த ப்ளைவுட்டு அம்புட்டும் நெளிஞ்சு கெடக்கு, எவன் வாங்குனானோ அவனத்தான் ஒதைக்கணும். மெஸ்ஸுல சாம்பாருன்னு ஊத்துறான், பருப்புக்கும் அதுக்கும் ஒட்டும் கெடையாது, ஒறவும் கெடையாது. மீன் கொழம்பா, மண்ணாங்கட்டி, அதுல வெறும் முள்ளுதான் மெதக்குது. ரூமுல ஏ.சி. தண்ணி என் கட்டில்லதான் சொட்டணும்னு சொட்டுது. இந்தப் பெயிண்டர் விடுற குறட்டையில மனுசன் எங்க தூங்குறது? அவன்தான் இந்த வீடியோவ எடுத்து ஊரு பூராவும் என் மானத்த வாங்கிட்டான். இதுல அந்த டைரக்டரம்மா வேற, தூணுக்கு இன்னொரு தடவ தங்கப் பெயிண்டு அடிங்குது."

மூச்சு வாங்க நிறுத்தினேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெயிண்டர் தலையைக் குனிந்துகொண்டார். லைன் கட் ஆகிவிட்டதா என்று பார்த்தேன். ஆகவில்லை.

பிறகு மனைவியின் குரல் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சாம்பாரு தண்ணியாவா ஊத்துறாக?"

"தண்ணியே தேவல."

"ஏ.சி. சொட்டுதா?"

"தலமாட்டுலயே சொட்டுது."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். காலேஜ் வராண்டாவில் யாரோ, "கொஞ்சம் மெதுவாங்க" என்று சொல்வது எனக்கே கேட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மகளிடம், "எந்திரிடி. நீ கிளாசுக்குப் போ. ஒங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்காக" என்றாள்.

இம்புட்டு நேரம் நான் தொண்டை கிழியச் சொன்னதும் அதையேதானே என்று கேட்டேன்.

"நீங்க நல்லா இருக்கேன்னு சொன்னா ஆரு நம்புறது? வேலை நல்லா நடக்கையில நீங்க போன எடுத்தா ஒரே கொறதான். உப்பு பத்தல, தூக்கம் வரல, மேனேஜர் சரியில்ல. இத்தன வருசமா நான் அதக் கேட்டுத்தான் நிம்மதியாப் படுக்கப் போவேன். நேத்து நீங்க மீன் கொழம்பு ருசின்னு சொன்னதும் எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போச்சு."

உடம்பில் இருந்த பாரம் எல்லாம் இறங்கினாற்போல் இருந்தது. அங்கேயே ஒரு பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பிரின்சிபால் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. உள்ளே வாங்க என்று யாரோ கூப்பிட்டார்கள். "ஒண்ணும் இல்லைங்க சார், சும்மா மகளப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று மனைவி சொன்னாள். அந்தப் பொய்யைக் கேட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்லவேளை, மரத்தூள் பறக்கிற இடம், யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மகள் கிளாசுக்குப் போகிற வழியில் ஒரு மெசேஜ் அனுப்பினாள். "அந்தத் தொப்பி உங்களுக்கு நல்லா இருந்துச்சுப்பா." பெயிண்டரிடம் காட்டினேன். அவர் தயங்கித் தயங்கிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அவர் குறட்டையைப் பற்றி ஊருக்கே சொல்லிவிட்டதால் கணக்குச் சரியாகிவிட்டது என்று இருவரும் முடிவு செய்துகொண்டோம்.

மனைவி இன்னும் லைனில் இருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். எனக்குள் ஒரு கேள்வி முளைத்து அரித்துக்கொண்டே இருந்தது.

"அப்ப, முன்னாடி ஒரு தடவ கம்பெனி மூடிக் கேம்புல கெடந்தேனே, அப்ப?"

"அப்ப தெனமும் சாப்பாடு பிரமாதம்னு சொன்னீக. கேம்பு அரண்மனை மாதிரின்னு சொன்னீக. ஒரு நாளு, முதலாளி மாதிரி ஒரு மனுசன் ஒலகத்துலயே கெடையாதுன்னு வேற சொன்னீக. அன்னைக்கே எனக்குத் தெரியும், முதலாளி ஓடிட்டான்னு."

"தெரிஞ்சு ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க இன்னும் நாலு பொய் சொல்லணுமே. எதுக்குன்னு விட்டுட்டேன்."

அந்த அமெரிக்க மனைவிகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். தொப்பியின் தூசியைத் தட்டிக் கொடுத்து, போய்ட்டு வாங்க என்று வாசலில் நின்றவர்கள். அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்று டைரக்டரம்மா சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கேம்பில் கிடந்த அந்த மாதங்களில் நான் போன் செய்தபோதெல்லாம் அவள் சொன்னது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். சின்னவளாக இருந்த மகளைப் பற்றியும், வீட்டைப் பற்றியும், சாப்பாட்டைப் பற்றியும் நான் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான். கொஞ்சம் தயங்கி அதைக் கேட்டுவிட்டேன்.

"நாங்களும் நல்லா இருக்கோம்னு அப்ப சொன்னியே, அது?"

பஸ் ஸ்டாண்டு சத்தம் கேட்டது. கண்டக்டர் ஒருவர் சிவகங்கை, சிவகங்கை என்று கூவிக்கொண்டிருந்தார். அவள் ஏறி, இடம் பிடித்து உட்கார்ந்தாள்.

"நீங்க மட்டுந்தான் நடிக்கணுமாக்கும்" என்றாள். பிறகு, "வைங்க, டிக்கெட் எடுக்கணும்" என்று வைத்துவிட்டாள்.

மதியம் மெஸ்ஸுக்குப் போனேன். அதே சாம்பார்தான், அதே தண்ணீர். தட்டை முன்னால் நீட்டி இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். சாயங்காலம் அவளுக்குப் போன் செய்து அதில் உப்பு இல்லை என்று சொன்னேன்.